கேஸ் கட்டை மூடிய பிறகு: வழக்கறிஞர்கள் கூடிப் பேச ஒரு வழிகாட்டி

மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் இன்சூரன்ஸ் தரப்புக்கு ஆஜராகியிருந்தேன். இறந்துபோன இளைஞனின் அம்மா கூண்டில் நிற்கிறார். வழக்கமான குறுக்கு விசாரணைதான். மகனின் வருமானத்துக்கு ஆதாரம் இருக்கிறதா, மாதாமாதம் உங்களிடம் பணம் கொடுத்ததற்கு ரசீது ஏதாவது உண்டா என்று கேட்டேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "பெத்த புள்ள கையில குடுக்குற காசுக்கு யாருப்பா ரசீது வாங்குவா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். 'வருமானத்துக்கு ஆவணம் எதுவும் தாக்கல் செய்யவில்லை என்றால் சரிதான்' என்று அவருடைய சாட்சியத்தில் பதிவானது. நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

அன்று நான் வேலையில் எந்தத் தவறும் செய்யவில்லை. திருமணமாகாத பையன் என்றால் வருமானத்தில் பாதியை அவனுடைய சொந்தச் செலவாகக் கழித்துவிட்டு மீதியைத்தான் பொதுவாகக் குடும்பத்தின் இழப்பாக எடுப்பார்கள். அந்த வாதத்தையும் சரியாகவே வைத்தேன். ஆனால் அதற்கப்புறம் என் அம்மாவின் கையில் வீட்டுச் செலவுக்குப் பணம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி காதில் விழுந்தது. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு தட்டும். ஜூனியரிடம் காரணமே இல்லாமல் சத்தம் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கேஸ் நல்லபடியாகத்தானே முடிந்தது, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இதை நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது நான்கு வருஷம் கழித்து, ஏழு வழக்கறிஞர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்த ஓர் அறையில். அப்படி ஒரு குழுவை உங்கள் ஊரில் நீங்களே தொடங்குவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஸ் குரூப் என்கிறார்கள். நாங்கள் 'அசைபோடும் கூட்டம்' என்று பெயர் வைத்துக்கொண்டோம். அவசரத்தில் விழுங்கியதை மாடு நிழலில் படுத்து நிதானமாக மெல்லுவதைப் போல என்று குழுவில் ஒரு மேடம் சொன்னார், அந்தப் பெயரே நின்றுவிட்டது.

டாக்டர்களிடமிருந்து வந்தது

1950களில் லண்டனின் டாவிஸ்டாக் கிளினிக்கில், ஹங்கேரியில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலின்ட்டும் அவர் மனைவி எனிட் பாலின்ட்டும் பொது மருத்துவர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்துப் பேசவைத்தார்கள். நோய்க்கு என்ன மருந்து என்பது அங்கே பேச்சாக இருக்கவில்லை. இந்த நோயாளி வந்தாலே எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது, அந்த நோயாளியை மட்டும் ஏன் மறக்க முடியவில்லை என்பதுதான் பேச்சு. பாலின்ட் குழு என்ற பெயரில் அந்த முறை இன்றும் பல நாடுகளில் நடக்கிறது. கீழே நான் சொல்லப்போகும் முறையின் எலும்புக்கூடு அதுதான்.

இன்னொரு கதை நம் தொழிலுக்கு நெருக்கமானது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவத் துறை சார்ந்த வழக்கறிஞராக இருந்தவர் கென்னத் ஷ்வார்ட்ஸ். 1994இல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது; அடுத்த வருஷமே இறந்துவிட்டார். சிகிச்சையின்போது தன்னிடம் மனிதத்தன்மையோடு நடந்துகொண்ட மருத்துவர்களும் செவிலியர்களும்தான் தன்னைத் தாங்கினார்கள் என்று எழுதினார். அவர் பெயரில் தொடங்கிய மையம்தான், மருத்துவமனை ஊழியர்கள் கூடி, தங்கள் வேலை தங்களுக்குள் ஏற்படுத்தும் பாதிப்பைப் பேசும் 'ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ்' கூட்டங்களைப் பரப்பியது. ஒரு வழக்கறிஞரின் பெயரால் மருத்துவமனைகளில் இது நடக்கிறது. கோர்ட் வளாகத்திலும் நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

தேவை இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் 12,825 வழக்கறிஞர்களிடம் எடுத்து 2016இல் வெளியான ஆய்வில், 28 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும் 19 சதவீதம் பேருக்குப் பதற்றத்தின் அறிகுறிகளும் இருந்தன. ஐந்தில் ஒருவருக்கு மேல் குடிப்பழக்கம் சிக்கலாகும் அளவில் இருந்தது. அதுவும் தொழிலுக்கு வந்து பத்து வருஷத்துக்குள் இருப்பவர்களிடம்தான் அதிகம். நம் ஊர் ஜூனியர்களைத் தினமும் பார்க்கிற எனக்கு அந்தக் கடைசி விவரம் நெருடியது.

கோர்ட்டில் வழக்கறிஞர்கள் உட்காரும் பார் ரூமில் நாம் பேசாமலா இருக்கிறோம் என்று கேட்பார்கள். பேசுகிறோம். ஆனால் டீக்கடையில் சொல்வது எப்போதும் ஜெயித்த கதை, நீதிபதியை மடக்கிய கதை, எதிர்த்தரப்பு சாட்சி திணறிய கதை. 'அந்த அம்மா கேட்டது என்னைத் தூங்கவிடவில்லை' என்று அங்கே சொன்னால், "இதுக்கெல்லாம் ஃபீல் பண்ணா தொழில் பண்ண முடியுமா?" என்று முதுகில் தட்டிவிட்டுப் போவார்கள். அன்பாகத்தான் தட்டுகிறார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு வாய் திறக்கத் தோன்றாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டம் சம்பளத்துக்கு மாற்று ஆகாது. 2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை கிடைக்க வழிசெய்யச் சொன்னது. பஸ் காசுக்கே அல்லாடும் ஜூனியரை 'மனசைப் பார்த்துக்கோ' என்று கூட்டத்துக்கு அனுப்புவது சரியில்லை. முதலில் அவருக்குரியதைக் கொடுங்கள், அப்புறம் கூப்பிடுங்கள்.

யாரைச் சேர்ப்பது

ஆறு முதல் எட்டுப் பேர். பத்துக்கு மேல் போனால் பேசத் தெரிந்த நான்கு பேர் மட்டும் பேசுவார்கள்.

சீனியரும் அவருடைய ஜூனியரும் ஒரே குழுவில் இருக்கக் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், ஏனென்றால் நாங்கள் தொடக்கத்தில் செய்த தவறே இதுதான். முதல் மூன்று கூட்டங்களை ஒரு சீனியரின் சேம்பரில், அதாவது அவர் அலுவலகத்தில், அவருடைய இரண்டு ஜூனியர்களும் உட்கார்ந்திருக்க நடத்தினோம். அவர் நல்ல மனிதர். ஆனால் யார் எதைச் சொன்னாலும் எல்லோருடைய கண்ணும் அவர் முகத்துக்குப் போய்த் திரும்பியது. ஜூனியர்கள் இருவரும் மூன்று கூட்டங்களிலும் "எனக்கு எல்லாம் ஓகே சார்" என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை.

சின்ன ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் எதிராக ஆஜராவது சகஜம். அதற்காகக் குழுவே வேண்டாம் என்று விட்டுவிட வேண்டியதில்லை. குழுவில் உள்ள இருவர் எதிரெதிராக நடத்தும் வழக்கு, அல்லது முன்பு நடத்திய வழக்கு, இந்த அறைக்குள் வராது என்று விதி வைத்தால் போதும். நீதிபதிகளைச் சேர்க்க வேண்டாம். அரசு வழக்கறிஞர்கள் வரலாம். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ நீதிமன்றத்தில் தினமும் நிற்பவர்களுக்கு இது மிகவும் தேவை.

பெண் வழக்கறிஞர் ஒருவரை மட்டும் தனியாகச் சேர்க்காதீர்கள். குறைந்தது மூன்று பேராவது இருக்கட்டும். கிடைக்காவிட்டால் அவர்கள் தனிக் குழு தொடங்க உதவுங்கள். சக வழக்கறிஞர்களின் நடத்தை பற்றியே அவர்கள் பேச வேண்டிவரும். சாதி விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். வட்டத்தைச் சுற்றிப் பார்க்கும்போது தான் ஒருவர்தான் வெளியாள் என்று யாருக்கும் தோன்றக் கூடாது.

அழைப்பை வழக்கறிஞர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடாமல் ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்புங்கள். நான் அனுப்பியது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"வணக்கம் மேடம். நாங்கள் ஏழு பேர் மாதம் இரண்டு சனிக்கிழமை மாலை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, வழக்குகள் நம்மை எப்படிப் பாதிக்கின்றன என்று பேசப்போகிறோம். சட்ட ஆலோசனை இல்லை, லெக்சர் இல்லை. ஆறு முறை கூடிப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம். உங்களுக்கு ஏதோ பிரச்சினை என்று நினைத்துக் கூப்பிடவில்லை, நானும் பேச வேண்டியிருப்பதால்தான் கூப்பிடுகிறேன்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாத அழைப்பைப் பெற்ற இரண்டு பேர், "என்னைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று திரும்பக் கேட்டார்கள்.

நடத்துபவர்

மனநலப் பயிற்சி உள்ள ஒருவர் கிடைத்தால் நல்லது. உளவியலாளரோ, மனநல சமூகப் பணியாளரோ, அருகிலுள்ள கல்லூரியின் உளவியல் அல்லது சமூகப் பணித் துறை ஆசிரியரோ யாராக இருந்தாலும், குழுவை நடத்திய அனுபவம் இருக்கிறதா என்று கேளுங்கள். அவருக்குக் கட்டணம் கொடுங்கள். எட்டுப் பேர் பங்கிட்டால் பெரிய தொகை ஆகாது. நாமும் ஃபீஸ் வாங்கிப் பிழைப்பவர்கள்தான், இன்னொருவரின் தொழிலை இலவசமாகக் கேட்பது முறையில்லை. குழுவில் உள்ள யாருக்கும் அவர் தனியாகச் சிகிச்சை தருபவராக இருக்கக் கூடாது.

கிடைக்கவே இல்லையென்றால் உங்களில் இருவர் சேர்ந்து நடத்தலாம். ஒருவர் பேச்சைக் கவனிப்பார், இன்னொருவர் நேரத்தையும் பேசாமல் இருப்பவர்களையும் கவனிப்பார். அந்த இருவரும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது ஓர் உளவியலாளரிடம் போய், குழு எப்படிப் போகிறது என்று பேசிவிட்டு வர வேண்டும். கேட்பவருக்கும் பாரம் ஏறும்.

நடத்துபவர் தீர்ப்புச் சொல்வதில்லை, சுருக்கிச் சொல்லி முடித்துவைப்பதும் இல்லை. யாராவது சட்டப் பிரிவுக்குள் ஓடினால் திரும்பக் கூட்டிவருவார். ஒருவரையே எல்லோரும் கேள்வியால் துளைத்தால் நிறுத்துவார். நேரத்தில் ஆரம்பித்து நேரத்தில் முடிப்பார்.

இடமும் நேரமும்

பார் ரூம் வேண்டாம், யாருடைய சேம்பரும் வேண்டாம். பள்ளி வகுப்பறை, நூலகத்தின் சிறு அறை, சர்ச் ஹால், எதுவானாலும் கதவைச் சாத்த முடிய வேண்டும். மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மேஜை இருந்தால் நமக்குக் கை தானாகப் பேனாவைத் தேடும். போன் அணைத்து வெளியே. டீ கூட்டம் முடிந்த பிறகு. மது எப்போதும் கிடையாது. 'அப்படியே ரெண்டு ரவுண்டு' என்று தொடங்கினால் இது வேறு கூட்டமாகிவிடும்.

ரகசியம்: இதை ஒழுங்காகச் செய்யாவிட்டால் தொடங்கவே வேண்டாம்

நாம் டாக்டர்களைப் போல அப்படியே செய்துவிட முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132ஆம் பிரிவு, அதாவது பழைய சாட்சியச் சட்டத்தின் 126, வழக்கை நம்மிடம் கொடுத்த கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதை அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்கிறது. வழக்கு முடிந்த பிறகும் அந்தக் கடமை தொடர்கிறது. வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிகளும் இதையே சொல்கின்றன. சக வழக்கறிஞர்களிடம்தானே சொல்கிறோம் என்பது விலக்காகாது. இந்த அறைக்குள் பேசுவதற்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டு யாரும் பேசக் கூடாது.

அப்படியென்றால் எதைப் பேசுவது? கட்சிக்காரரின் ரகசியத்தை விட்டுவிட்டு, நம் பக்கத்தைப் பேச வேண்டும். 'அவர் என்னிடம் இன்ன உண்மையை ஒப்புக்கொண்டார்' என்று சொல்லத் தேவையே இல்லை. 'ஒருவர் என்னிடம் சொன்ன ஒரு விஷயத்துக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை, ஆனாலும் அவருக்காக வாதாட வேண்டியிருந்தது' என்றாலே அந்த அறைக்குப் போதும். அந்த விஷயம் என்ன என்று யாரும் கேட்கக் கூடாது.

எங்கள் நடைமுறை இது. முடிந்த வழக்குகளையே கொண்டுவருவோம். நடந்துகொண்டிருக்கும் வழக்கென்றால் நம் உணர்வை மட்டும் சொல்வோம், வழக்கின் விவரம் ஒன்றுகூட வராது. பெயர், ஊர், கோர்ட், வருஷம், தொழில் எல்லாம் மாறும். சின்ன ஊரில் 'அந்த அரிசி மில் கேஸ்' என்ற ஒரு சொல்லே போதும், எல்லோருக்கும் தெரிந்துவிடும்; ஆகவே அரிசி மில் மர அறுவை மில் ஆகட்டும், அண்ணன் தம்பி வழக்கு பங்காளி வழக்கு ஆகட்டும். திறந்த நீதிமன்றத்தில் எல்லோர் காதிலும் விழுந்த பேச்சைக்கூட மாற்றித்தான் சொல்வோம். தொடக்கத்தில் சொன்ன அந்த அம்மாவின் வழக்கிலும் சில விவரங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில் இன்னும் கூடுதலாக: குழந்தையை அடையாளம் காட்டும் எதுவும் வராது, குற்றத்தின் விவரிப்பும் வராது. கேட்கிற ஏழு பேரின் மனத்திலும் அந்தக் காட்சியை ஏற்றிவிடுவதால் சொல்பவரின் பாரம் குறைவதில்லை. 'சாட்சியம் பதிவானபோது அந்தக் குழந்தை கையில் வைத்திருந்த பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தேன்' என்று ஒருவர் சொன்னார். அதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

குறிப்பு எடுக்கக் கூடாது, ஒலிப்பதிவு கூடாது, மினிட்ஸ் கூடாது. வாட்ஸ்அப் குழு வைத்தால் தேதியும் நேரமும் மட்டும் போடுங்கள். அறைக்கு வெளியே, சொன்னவரிடமே கூட, அவராக எடுக்காமல் நீங்கள் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். கோர்ட் வராந்தாவில் "அன்னைக்கு சொன்னீங்களே, இப்ப எப்படி இருக்கு?" என்று அக்கறையாகக் கேட்பதுகூட அவரைக் கூசவைக்கும்.

முதல் கூட்டத்தில் இவற்றை எல்லாம் ஒரு தாளில் எழுதி, வாசித்து, ஒவ்வொருவரும் வாயால் ஒப்புக்கொள்ளட்டும். நடத்துபவரும்தான்.

ஒரு கூட்டம், தொண்ணூறு நிமிடம்

முதல் பத்து நிமிடம் வந்து உட்கார்ந்து மூச்சுவிட. ஒவ்வொருவரும் இன்று எப்படி வந்திருக்கிறேன் என்று ஒரே வாக்கியம் சொல்லலாம். 'ரெண்டு வாய்தா, ஒரு டிஸ்மிஸ், தலைவலி' என்றாலும் சரி.

பிறகு நடத்துபவர் "இன்று யாரிடம் ஒன்று இருக்கிறது?" என்று கேட்பார். சில வினாடி மௌனம் வரும். அந்த மௌனத்தை நிரப்ப அவசரப்படாதீர்கள். ஒருவர் முன்வருவார். இருவர் வந்தால் அவர்களே பேசி முடிவு செய்யட்டும்.

முன்வந்தவர் பத்து நிமிடம் பேசுவார். கையில் கேஸ் கட்டு இருக்கக் கூடாது, தேதி வரிசையில் சொல்ல வேண்டியதில்லை. நாம் பிளைன்ட், அதாவது வழக்குரை, எழுதிப் பழகியவர்கள், எதையும் ஒன்று, இரண்டு என்று பத்தி பிரித்து அடுக்குவோம். இங்கே எது முதலில் நினைவுக்கு வருகிறதோ அதிலிருந்து தொடங்கலாம். வழக்கு இரண்டு நிமிடம், நான் எட்டு நிமிடம் என்பது நல்ல அளவு.

அடுத்த ஐந்து நிமிடம் புரியாததை மட்டும் கேட்கலாம். 'அவருக்கு எத்தனை வயசு?', 'நீங்க அப்ப தனியாவா இருந்தீங்க?' போன்றவை.

அதற்கப்புறம்தான் முக்கியமான இடம். பேசியவர் தன் நாற்காலியை இரண்டடி பின்னால் இழுத்துக்கொள்வார். அரை மணி நேரம் அவர் பேச மாட்டார், அவரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மற்றவர்கள் தங்களுக்குள், அவர் கொண்டுவந்ததைப் பற்றிப் பேசுவார்கள். கேட்கும்போது எனக்கு என்ன தோன்றியது, அந்தக் கட்சிக்காரராக இருந்தால் என்ன உணர்ந்திருப்பேன், அந்த வழக்கறிஞரின் இடத்தில் எங்கே வலிக்கிறது என்று.

இது எல்லோருக்கும் கஷ்டம். நமக்கு இரட்டிப்புக் கஷ்டம். நாம் குறுக்கு விசாரணையில் வாழ்கிறவர்கள். 'நீங்கள் அப்போதே ஸ்டே வாங்கியிருந்தால் இது நடந்திருக்காது என்றால் சரிதானே?' என்று வாய் தானாகக் கேட்கும். எங்கள் குழுவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம்: இந்த அறையில் தலைமை விசாரணை, அதாவது நம் தரப்புச் சாட்சியை நாமே கேட்பது, மட்டும்தான்; பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கும் லீடிங் கேள்வி கிடையாது. யாராவது மறந்து கேட்டால் பக்கத்தில் இருப்பவர் "லீடிங்" என்பார், கேட்டவர் நிறுத்திக்கொள்வார். வழக்கறிஞர்களுக்கு வேறெந்த விளக்கத்தையும்விட இந்த ஒரு சொல் வேகமாகப் புரிகிறது. அதேபோல 'நானா இருந்தா', 'அப்பீல் போங்க', 'இதெல்லாம் ஒண்ணுமில்ல, எனக்கு நடந்தது கேளுங்க' என்ற மூன்று தொடக்கங்களுக்கும் இடமில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு, அடையாளம் மாற்றி. குடும்ப நல நீதிமன்ற வழக்குகள் பார்க்கும் இளம் வழக்கறிஞர் ஒருவர் ஒரு நாள் சொன்னார்: "ஒரு கட்சிக்காரம்மா தினமும் ராத்திரி பத்து மணிக்கு மேல கூப்பிடுறாங்க. எடுத்தா ஒரு மணி நேரம். எடுக்கலன்னா எனக்குத் தூக்கம் வரல. எனக்கு அவங்க மேல கோபமா வருது, கோபம் வருதேன்னு வெட்கமாவும் இருக்கு."

அவர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். முதலில் ஒருவர், "எனக்கே கோபம் வந்துச்சு. நாள் பூரா கோர்ட், ராத்திரியும் கோர்ட்டா?" என்றார். இன்னொருவர், "அந்தம்மாவுக்குப் பேச வேற யாருமே இல்ல போல" என்றார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு மூத்த மேடம் மெதுவாக, "எடுக்காம விட்ட ராத்திரி ஏதாவது ஆயிடுச்சுன்னா என்ற பயம் எனக்கு அடிவயித்துல வந்தது" என்றார்.

திரும்பி வட்டத்துக்குள் வந்த அந்த இளம் வழக்கறிஞர் அழுதார். அந்தப் பயம்தான் அது, அதற்கு இத்தனை நாள் பெயர் தெரியாமல் இருந்தது என்றார். யாரும் அவருக்கு எதுவும் செய்யச் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவரே கட்சிக்காரரை நேரில் உட்காரவைத்து, மாலை ஆறு முதல் ஏழு வரை கூப்பிடலாம், ராத்திரியில் அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். இந்த யோசனையை முதல் நிமிடத்திலேயே நாங்கள் சொல்லியிருக்க முடியும். சொல்லியிருந்தால் பயம் பேசப்படாமலே போயிருக்கும்.

மீதி நேரத்தில், பேசியவருக்கு எது ஒட்டியது, எது ஒட்டவில்லை என்று அவர் விரும்பினால் சொல்லலாம். பிறகு ஒரு சுற்று, எல்லோரும் ஒரு வாக்கியம். அதோடு முடிந்தது. பேச்சு சூடாக இருக்கிறது என்பதற்காக நேரத்தை நீட்டாதீர்கள். முடியும் நேரம் தெரிந்திருந்தால்தான் திறக்கத் தைரியம் வரும்.

இடறும் இடங்கள்

அழுகை வந்தால் ஓடிப்போய்த் தேற்ற வேண்டாம். தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும், டிஷ்யூ பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். "அழாதீங்க" என்று சொல்லக் கூடாது.

வயதில் மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். மற்ற நாட்டு வழிகாட்டிகளில் எல்லோரும் முதற்பெயரால் அழைத்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கலாம். நமக்கு சார், மேடம், அண்ணா, அக்கா என்பதுதான் வாய்க்கு வரும். அதைப் பிடுங்கினால் இருபத்தாறு வயதுப் பையன் வாயே திறக்க மாட்டான். மரியாதை இருக்கட்டும், பேசும் நேரம் மட்டும் எல்லோருக்கும் சமமாக இருக்கட்டும்.

நான்கு கூட்டமாகப் பேசாமலே இருப்பவரைத் தள்ளாதீர்கள். கேட்டுக்கொண்டிருப்பதும் பங்கெடுப்புதான்.

ஒவ்வொரு முறையும் அவரே பேசினால்? நடத்துபவர் தனியாக அழைத்து, நேராக, அன்போடு சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவருக்குக் குழுவைவிட அதிகமான உதவி வேண்டியிருக்கும்.

குழுவால் முடியாதது

இது சிகிச்சை கிடையாது. ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, காலையில் கோர்ட்டுக்கு வரும் முன்பே குடிக்கிறார், நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்பது போலப் பேசுகிறார் என்றால், அடுத்த கூட்டம் வரை காத்திருக்காதீர்கள். அன்றே நடத்துபவரோ நெருக்கமான ஒருவரோ தனியாக உட்கார்ந்து, உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பது எண்ணத்தை விதைக்காது. கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிவதே அவருக்கு ஆறுதல். தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கூடப் போங்கள்.

கேஸ் ஆகிவிடுமோ, பெயர் கெட்டுவிடுமோ என்ற பயத்தால் மருத்துவமனைக்குப் போகத் தயங்குபவர்கள் நம் தொழிலிலும் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர், மாறாக நிரூபிக்கப்படாதவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்றும், அவருக்குப் பராமரிப்புத் தர வேண்டியது அரசின் கடமை என்றும் சொல்கிறது. கட்சிக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லும் அந்தப் பிரிவை நம் நண்பருக்கும் எடுத்துச் சொல்லலாம்.

ஆறு கூட்டம் கழித்து

ஆறாவது கூட்டத்தின் கடைசி அரை மணி நேரத்தைத் தொடரலாமா என்று பேச ஒதுக்குங்கள். மதிப்பெண் போடும் படிவம் எதுவும் வேண்டாம். இரண்டு கேள்வி போதும்: இங்கே பேசியதால் கோர்ட்டிலோ வீட்டிலோ ஏதாவது வேறு மாதிரி செய்தீர்களா? இங்கே சொல்ல முடியாமல் வைத்துக்கொண்டது ஏதாவது இருந்ததா, எதனால்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்து விதிகளைத் திருத்துங்கள். எங்கள் குழுவில் இடம் மாறியதும், குறிப்பேடு ஒழிந்ததும், நடத்துபவர் மாறியதும் அந்தக் கேள்வியால்தான்.

விலகுபவரிடம் காரணம் கேட்காதீர்கள். புது ஆளைச் சேர்ப்பதென்றால் எல்லோரிடமும் முன்கூட்டியே கேட்டுவிட்டு, ஆறு கூட்டத்துக்கு ஒருமுறை மட்டும் கதவைத் திறங்கள். பத்துப் பேருக்கு மேல் வரத் தொடங்கினால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். மே மாத விடுமுறைக்கு முன் ஒரு கூட்டம், ஜூனில் கோர்ட் திறந்த முதல் வாரத்திலேயே அடுத்தது என்று தேதி குறித்துவிட்டுப் பிரியுங்கள். தேதி குறிக்காமல் கலைந்த வருஷம் நாங்கள் மறுபடி கூட ஐந்து மாதம் ஆனது. மழையோ ஊர்த் திருவிழாவோ என்று மூன்று பேர் மட்டும் வந்தாலும் கூட்டத்தைத் தள்ளிப் போடாதீர்கள். நாற்காலியை மூன்றாகக் குறைத்துப் போட்டுக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு ஆரம்பியுங்கள்.